இடது கைப் பிடி

ராசப்பனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மிளகு வாங்க வரும் வியாபாரி தராசை நீட்டினால் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால் அதைப் பாதியாக உடைத்து மனைவி மாராயியை விழுங்கச் சொல்வார். அவள் சாயங்காலம் வரை நல்லபடியாக நடமாடினால்தான் மீதிப் பாதி இவர் வாய்க்குள் போகும்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் ஒரு கிதார் வந்து சேர்ந்தது. மகன் சசிதரன் சேலத்தில் வாங்கி, கோணிச்சாக்கைச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலை மேலிருக்கும் வாழவந்தி நாட்டுக்குக் கொண்டு வந்தான். ராசப்பன் அதன் வயிற்று ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத பொருளுக்கு இவ்வளவு விலையா என்று அன்றைக்கெல்லாம் முணுமுணுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சசி முதல் பஸ் பிடித்து நாமக்கல்லுக்குப் போவான். அங்கே ஒரு மாடியில் கிதார் வகுப்பு. முன்னால் ஒரு மாஸ்டர், எதிரே கூடம் நிறையப் பையன்கள். மாஸ்டர் ஒரு தட்டு தட்டினால் எல்லோரும் ஒரு தட்டு. மற்ற நாட்களில் வீட்டில் கேசட் போட்டுக் கேட்டுக் கேட்டு வாசிப்பான். மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடியது. ராசப்பனுக்கு அந்தச் சத்தம் நல்லதாகவும் படவில்லை, கெட்டதாகவும் படவில்லை. கோழிகள் மிரளவில்லை என்பதை மட்டும் கவனித்து வைத்திருந்தார்.

கார்த்திகை மாதம் சேந்தமங்கலத்தில் குணசேகரன் என்பவர் நடத்தும் இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து சசி போனான். கோயில் நோம்பித் திருவிழா, கல்யாணம் என்று அந்தக் குழுவுக்கு ஓயாத வேலை. போனவன் இருட்டுவதற்குள் திரும்பி வந்து, கிதாரை மூலையில் சாய்த்துவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தான்.

"என்னடா கண்ணு சொன்னாங்க?" என்றாள் மாராயி.

"எல்லாரோடயும் சேர்ந்து வாசிக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சும்மா. அப்பறம் மத்தவங்களை நிறுத்தச் சொல்லிட்டு, நீ மட்டும் வாசின்னாரு. வாசிச்சேன்."

"அப்பறம்?"

"தகரத்தைத் தட்டறாப்புல இருக்குதுன்னாரு. பங்குனி நோம்பிக்கு முன்னால இன்னொருக்கா வா, அப்பவும் இதே சத்தம்னா பஸ் செலவு பண்ணாதேன்னுட்டாரு."

ராசப்பன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். அவர் மனது வேறொரு இடத்தில் நின்றது. மாராயியின் தம்பி சின்னராசு போர்வெல் வண்டி வைத்திருக்கிறான். வடக்கே மத்தியப் பிரதேசம், அதற்கும் மேலே என்று வருஷம் முழுக்கக் குழாய்க் கிணறு போட்டுக்கொண்டு திரிகிற வண்டி. நோம்பிக்கு மட்டும் ஊருக்கு வருவான். போன தடவை வந்தபோதே சொல்லிவிட்டான்: "பாட்டு கீட்டுன்னு அவன் ஒரு வழிக்கு வர்லீன்னா, வர்ற பங்குனியில எங்கூட வண்டி ஏத்தி உட்ருங்க மாமா." சசியும் சரி என்று சொல்லியிருந்தான். சின்னராசுவின் வலது கையில் சுண்டுவிரல் கிடையாது. இரும்புக் குழாய் மாட்டும்போது நடுவில் சிக்கிப் போனது. அதை அவன் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் காட்டுவான்.

ராசப்பனுக்கு ஒரே மகன். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

தை பிறந்ததும் சசி ஒரு சேதி கொண்டு வந்தான். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் நர்சம்மா ரோஸ்லின் திண்டுக்கல்காரர், சர்ச்சில் கிதார் வாசித்தவர், தனியாகச் சொல்லித் தருகிறேன் என்கிறார்.

"தனியான்னா?"

"நான் மட்டுந்தானுங்கப்பா. வேற பசங்க இல்ல."

"ஏன், கூட்டத்துல சொல்லித் தர முடியாததை அப்படி என்ன தனியாச் சொல்லித் தரப் போகுது அந்தம்மா?"

சசி வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வி. சம்பளம் வாங்குவாரா என்று கேட்டார். வாங்குவார் என்றான். அது ராசப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கூலி வாங்காமல் சொல்லித் தருகிறேன் என்றிருந்தால் அவர் அன்றைக்கே கிதாரை அட்டத்துப் பரணில் ஏற்றியிருப்பார். ஆனாலும் விடவில்லை. முதல் நாள் தானும் கூடவே கிளம்பினார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ். கம்பி போட்ட வராண்டா. ரோஸ்லினுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும், முன்தலையில் நரை ஓடியிருந்தது. அவருடைய அம்மா மரியம்மாள் ஒரு ஓரமாக மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, உள்ள உக்காருங்க."

"இருக்கட்டுங்க, இங்கியே நல்லா இருக்குது" என்று வாசலில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார் ராசப்பன். அங்கிருந்து பார்த்தால் வராண்டா முழுக்கத் தெரியும்.

ஜெபம் ஏதும் ஆரம்பிப்பார்களோ என்று காது கொடுத்தார். ஆரம்பிக்கவில்லை. பாட்டும் ஆரம்பிக்கவில்லை. சசி தனக்குத் தெரிந்த பாட்டை எடுக்கப் போனவனை ரோஸ்லின் நிறுத்தினார்.

"பாட்டு வேணாம் தம்பி. விரலை வச்சு அமுக்குங்க. ஒவ்வொரு கம்பியாத் தட்டுங்க. மெதுவா."

சசி தட்டினான். தடிமன் கம்பிகள் ணங் ணங் என்று நீளமாக ஒலித்தன. கடைசி மெல்லிய கம்பியைத் தட்டினான். டப். அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை."

டப்.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"தெரியலீங்க. நான் தனித்தனியாத் தட்டிப் பார்த்ததே இல்லீங்க. நாமக்கல்லுல எல்லாருஞ் சேர்ந்து வாசிக்கறதுல எங்கம்பி எதுன்னே தெரியாதுங்க."

ரோஸ்லின் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து, கிதாரின் கழுத்துக்கு அடியிலிருந்து சசியின் இடது கையை அண்ணாந்து பார்த்தார். மாடு வாங்கும்போது ராசப்பன் அப்படித்தான் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். விற்கிறவன் என்ன சொல்கிறான் என்பதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். தொட்டிச் சுவரிலிருந்து அவர் தன்னை அறியாமல் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

"அட, உள்ளங்கை ஒட்டிக்கிட்டுல்ல இருக்கு" என்றார் ரோஸ்லின். "கழுத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க. பெருவிரல் சுத்தி மேல வந்திருச்சு. ஆள்காட்டி விரலோட அடிப்பக்கத்துச் சதை போயி அந்தக் கம்பி மேல படுத்துக்கிட்டா அது எப்படி வாயைத் திறக்கும்?"

சசி குனிந்து பார்த்தான். மழைக்காலம் முழுக்க வாசித்தவன், அதை அன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"பெருவிரலைக் கழுத்துக்குப் பின்னால வைங்க. உள்ளங்கையை எடுங்க. இன்னும். ம்."

ணிங்.

மரியம்மாள் மொச்சையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ராசப்பன் நிமிரவில்லை, ஆனால் கேட்டது.

வழியில் வரும்போது அவருக்கு ஒரே குடைச்சல். "ஏன்டா, அந்த மாஸ்டருக்கு இது தெரியாதா?"

"தெரியும்ப்பா. அத்தனை பேர்த்தோட கையை அவரு எங்க பாப்பாரு?"

"கேசட்டுல சொல்லலியா?"

"கழுத்தை இடது கையில பிடிங்கன்னு சொல்லுச்சு. பிடிச்சேன்."

அது சரிதான் என்று ராசப்பனுக்கும் பட்டது. கேசட்காரன் சொன்னான், இவன் பிடித்தான். இவன் பிடித்ததைக் கேசட் எங்கே பார்த்தது?

அதற்குப் பிறகு சசி ஒருநாள் விட்டு ஒருநாள் போனான். ராசப்பன் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பின்னாலேயே போய்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். காவலுக்குத்தான் போகிறேன் என்று மாராயியிடம் சொன்னார். உண்மையில் அந்தம்மா இன்றைக்கு எதைக் கண்டுபிடிக்கும் என்று பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் தோள் ஏறியிருக்கிறது என்றார் ரோஸ்லின். ஒருநாள், கடினமான இடம் வரும்போது நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள் என்றார். பெற்ற அப்பனுக்கே தெரியாத சங்கதி. அன்றைக்குச் சோறு தின்னும்போது ராசப்பன் மகனின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மூஞ்சியில என்ன இருக்குதுங்கப்பா?"

"ஒன்னுமில்ல, தின்னு."

சத்தம் தெளிந்துகொண்டே வந்தது. சசி பெருவிரலைப் பின்னால் வைக்கப் பழகினான். சோற்றுத் தட்டை, சைக்கிள் கைப்பிடியைக்கூட அப்படிப் பிடித்துப் பழகினான். விரல் மறந்துவிடக் கூடாதாம்.

மாசியில் மிளகு பறிப்பு உச்சத்துக்கு வந்தது. சில்வர் ஓக் மரங்களில் கொடி உச்சி வரை ஏறியிருக்கும். பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவுக்குக் கணு கிளையைக் கொஞ்சம் விட்டு வெட்டியிருப்பார்கள், அதுதான் படி. இடது கையால் மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வலது கையால் சரத்தைக் கிள்ளி இடுப்புப் பைக்குள் போட வேண்டும். நாளெல்லாம் உயிர் அந்த இடது கையில்தான் இருக்கும்.

சசி ஏறிப் பறித்துக்கொண்டிருந்தான். ராசப்பன் கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சரசரவென்று சத்தம் கேட்டு நிமிர்ந்தார். மகன் கொடியோடு கொடியாகச் சறுக்கி வந்து, பாதி மரத்தில் ஒரு கிளையில் மாட்டி, அங்கிருந்து பொத்தென்று விழுந்தான். பை கொட்டி மிளகு தரையெல்லாம் ஓடியது.

உயிருக்கு ஒன்றுமில்லை. இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"சின்னப் பையனா இருக்கறப்பவே விழாதவன். இப்ப எப்படிடா உழுந்தே?"

சசி வீங்கிய கையைத் திருப்பிப் பார்த்தான். "பெருவிரல் பின்னால போயிருச்சுங்கப்பா. நான் வைக்கலீங்க. அதுவாப் போயிருச்சு."

ராசப்பன் பல்லைக் கடித்தார். மகனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர், ரோஸ்லின் கட்டுப் போட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்தார். முடிந்ததும் பேசினார்.

"ஏனுங்க நர்சம்மா, நீங்க தனியாச் சொல்லிக் குடுத்த லட்சணத்தைப் பார்த்தீங்களா? எம்பையன் கையில இருந்த பிடியை எடுத்துட்டீங்க. கூலி வாங்கிட்டு எடுத்துட்டீங்க. கூட்டத்தோட கத்துக்கிட்டிருந்தான், தகரமாட்டம் இருந்தாலும் மரத்துல நின்னான்."

"அப்பா, சும்மா இருங்க" என்றான் சசி.

ரோஸ்லின் கோபித்துக்கொள்ளவில்லை. "எந்தப் பிடிண்ணே?" என்று கேட்டார்.

"எந்தப் பிடியா? மூங்கில் பிடி."

"எனக்குப் புரியல. நான் பார்த்ததில்ல. காட்டுவீங்களா?"

வைதால் திருப்பி வைவார்கள், இல்லை அழுவார்கள். இந்தம்மா காட்டு என்கிறது. ராசப்பனுக்கு மேற்கொண்டு வைய வரவில்லை.

மறுநாள் ரோஸ்லின் வீடு வீடாகப் பிள்ளைகளுக்கு ஊசி போடப் போகும் வழியில் மருந்துப் பெட்டியோடு தோட்டத்துக்கு வந்துவிட்டார். ராசப்பன் மூங்கிலைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். உள்ளங்கை மூங்கிலோடு ஒட்டி, பெருவிரல் சுற்றி வந்து மற்ற விரல்களின் மேல் பூட்டியிருந்தது. ரோஸ்லின் தலையைச் சாய்த்து அடியிலிருந்து பார்த்தார். மகன் கையைப் பார்த்த அதே பார்வை. ராசப்பனுக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"இதேதாண்ணே. அன்னைக்குத் தம்பி கிதாரை இப்படித்தான் பிடிச்சிருந்தாரு. இது எங்கருந்து வந்துச்சுன்னு அப்ப எனக்குத் தெரியல." பெட்டியைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். "நான் ஏறிப் பார்க்கலாமா?"

"எதுக்குங்க நர்சம்மா வம்பு? உங்களுக்குக் கட்டுப் போட இந்த மலையில வேற நர்ஸ் யாரு இருக்கா?"

அவர் ஏறினார். முதல் கணு. அடுத்த கணு. மூங்கில் ஆடியது. பெருவிரலைப் பின்னால் வைத்துப் பார்த்தார், உடனே உடம்பு ஒரு பக்கமாகச் சுழன்றது. "ஆத்தே" என்று சட்டென்று சுற்றிப் பூட்டிக்கொண்டார். கீழே இறங்கியதும் தன் கையையே விரித்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சொல்லிக் குடுத்தவரு பெருவிரல் பின்னாலன்னாரு. நானும் அதையே சொன்னேன். என் கை ஊசி பிடிக்கிற கை. தம்பி கை மூங்கிலைப் பிடிக்கிற கை. நான் பாதிதான் பார்த்திருக்கேன்."

"அப்பறம்? கிதாரைக் கட்டி அட்டத்துல போட்டுர்றதா?"

"வேணாம். பெருவிரல் அவரு வழக்கப்படியே மேல வரட்டும். அப்படிப் பிடிச்சு வாசிக்கிறவங்க இருக்காங்க. உள்ளங்கைதான் ஒட்டக் கூடாது. அது மட்டும் போதும்." சுற்றிப் பார்த்தவர் கொடியிலிருந்து ஒரு மிளகுச் சரத்தைக் கிள்ளினார். "இதை எடுத்துக்கவாண்ணே?"

"அது ஒன்னை எடுத்து என்ன கொழம்பா வைக்கப் போறீங்க? எடுத்துக்கங்க."

கட்டு அவிழ்ந்தபோது பங்குனி பிறந்துவிட்டது. சின்னராசு ஊருக்கு வந்து, போர்வெல் வண்டிக்கு நாமக்கல்லில் பட்டறை வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சசிக்கு என்று ஒரு தகரப் பெட்டியும் போர்வையும் வாங்கி வைத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினான்.

வராண்டாவில் ரோஸ்லின் சசியைப் பழையபடி கிதாரைப் பிடிக்கச் சொன்னார். பெருவிரல் ஆசையாக மேலே ஏறி உட்கார்ந்தது. பிறகு புதிதாகப் பறித்த ஒரு மிளகுச் சரத்தை அவன் உள்ளங்கைக்கும் கிதார்க் கழுத்துக்கும் நடுவில் வைத்தார்.

"வாசிங்க. மிளகு நசுங்கக் கூடாது. கீழயும் விழக் கூடாது."

முதல் நாள் கையெல்லாம் பச்சை மிளகு வாசம். நசுங்கிக்கொண்டே இருந்தது. ராசப்பன் தினமும் புதுச் சரம் கொண்டு வந்தார். கொண்டு வருவதற்கு ஆள் வேண்டுமே என்றார். நசுங்கிய மணிகளை வாங்கி யாருக்கும் தெரியாமல் எண்ணிப் பார்ப்பார். நாளாக நாளாக நசுங்குவது குறைந்தது. மெல்லிய கம்பி முதலில் தயங்கி, பிறகு வாயைத் திறந்தது. சசிக்குக் காற்று நுழைகிற அளவு இடைவெளி கைக்குள் பழகிவிட்டது. அவனை ஒருநாள் தோட்டத்துக்கு இழுத்துப்போய் மூங்கிலைப் பிடிக்கச் சொன்னார் ராசப்பன். அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தார். பெருவிரல் பூட்டியிருந்தது. உள்ளங்கை ஒட்டியிருந்தது.

"இதுல மொளகு வைக்க எடமிருக்குதா?"

"இல்லீங்கப்பா."

"ம். ஏறு."

நோம்பிக்கு முந்தின வாரம் அப்பனும் மகனும் சேந்தமங்கலம் போனார்கள். சவுண்டு சர்வீஸ் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. குணசேகரன் தடித்த மனிதர், டீ டம்ளரும் கையுமாக இருந்தார். குழுவோடு சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தான். பிறகு மற்றவர்களை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"நீ மட்டும்."

சசி ஆரம்பிப்பதற்குள் பக்கத்தில் இருந்த தபேலாக்காரன் சிரித்தான். "அண்ணே, பெருவிரலைப் பாருங்க. கோழிக் கழுத்தைத் திருகறாப்புலயே புடிச்சிருக்கான்."

குணசேகரனும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "யாருய்யா உனக்குச் சொல்லிக் குடுத்தது?" பதிலுக்குக் காத்திராமல் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தார். ராசப்பன் மகனின் மூக்கைப் பார்த்தார். மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. சரி, வாசிப்பான்.

சசி வாசித்தான். கொட்டகையில் அது ஒன்றுதான் சத்தம். ஒவ்வொரு கம்பியும் தன் பங்குக்கு ஒலித்து, நின்று, பிறகு மறைந்தது. முதுகைக் காட்டி நின்ற குணசேகரனின் டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"இன்னொருக்கா" என்றார் திரும்பாமல்.

இன்னொருக்கா வாசித்தான்.

இப்போது திரும்பினார். பெருவிரலைப் பார்த்தார், அது பழைய இடத்திலேயேதான் இருந்தது. தலையைச் சொறிந்தார். "பார்த்தா வராதுன்னு தோணுது. கேட்டா வருது." தபேலாக்காரனைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் பார்த்தான். "நோம்பிக்கு ராசிபுரம் பக்கம் கச்சேரி இருக்குது. வந்து வாசி. அதுல ஒழுங்கா இருந்துட்டீன்னா ஆடி வரைக்கும் எங்கூட வரலாம். அப்பறம் பார்த்துக்கலாம்."

"அப்பறம்னா?" என்று ராசப்பன் குறுக்கே விழுந்தார். "அப்பறம் வேணாம்னு சொல்லிருவீங்களா?"

"இவரு யாரு?"

"எங்கப்பாங்க."

"பெரியவரே, எனக்கே அப்பறம் என்னன்னு தெரியாதுங்க."

அந்தப் பதிலை ராசப்பன் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்கிறவன் உறுதியாகச் சொல்லியிருப்பான். போகட்டும் என்று எழுந்தார்.

கடை ஓரத்து டெலிபோனிலிருந்து சின்னராசுவின் வண்டி நின்ற பட்டறைக்குப் பேசினார். "மாப்ள, அந்தத் தகரப் பெட்டியும் போர்வையும் நீயே வச்சுக்க."

"ஏனுங்க மாமா, பையன் வரமாட்டானா?"

"வரமாட்டான். அவனுக்கு விரல் வேண்டியிருக்குது."

பஸ் காரவள்ளி தாண்டி மலை ஏற ஆரம்பித்தது. ஜன்னல் ஓரத்தில் சசி கிதாரை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். ராசப்பன் இடது கையால் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார். குனிந்து தன் கையைப் பார்த்தார். பெருவிரல் பூட்டியிருந்தது. உள்ளங்கை ஒட்டியிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மகனின் சட்டைப்பையில் காய்ந்து கிடந்த மிளகுச் சரத்தை எடுத்து உள்ளங்கைக்கும் கம்பிக்கும் நடுவில் வைத்தார். நசுக்காமல் பிடித்துப் பார்த்தார். நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. விரலை எங்கே இறுக்குவது, எங்கே விடுவது என்று ஒன்றும் பிடிபடவில்லை. எதிரில் யாராவது மண்டி போட்டு அண்ணாந்து பார்த்துச் சொன்னால் தேவலை போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து டிரைவர் கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஒடித்தார். ராசப்பன் பக்கத்துச் சீட்டில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த ஆளின் மேல் போய் விழுந்தார்.

"ஏனுங்க பெரியவரே, கம்பியை நல்லாப் புடிச்சுக்கிட்டு உக்காரக் கூடாதுங்களா?"

"புடிச்சுத்தாங்க இருந்தேன்" என்றார் ராசப்பன், சீட்டுக்கு அடியில் உருண்ட மிளகைத் தேடிக்கொண்டே.